முகத்தின் இரு நரம்புகள்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர். அகத்தில் எழும் மகிழ்ச்சியை முகத்துக்குக் கொணர்வது எது? கன்னத்திற் படும் தென்றலின் குளிர்ச்சியை அகத்துக்கு அறிவிப்பது எது? முகத்திற் பரந்துள்ள நரம்புகள் எல்லாம் இவ்விரு தொழிலையும் ஒருங்கே செய்வன என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அந்நம்பிக்கையின் விலையை நோயாளர் தம் முகத்தாற் கொடுத்தனர்.

உடற்கூற்று நூலில் முகம் பற்றிய பிழை புதியதன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த கலென் என்னும் பேரறிஞர், விலங்குகளை அறுத்துக் கண்டவற்றை மனிதருக்கும் பொருத்தி, கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆயது என எழுதினார். 1543இல் வெசாலியஸ் என்பவர் மனித உடலையே ஆராய்ந்து, வளர்ந்தோரின் கீழ்த்தாடை ஒரே எலும்பு என நிறுவினார். எலும்பிற் பிழையைக் கண்ணாற் கண்டு திருத்தலாம். நரம்பின் தொழிலோ கண்ணுக்குப் புலனாவதன்று.

மூளையினின்று புறப்படும் பன்னிரண்டு சோடி நரம்புகளுள் இரண்டு முகத்தில் மிகுதியும் பரந்துள்ளன. ஐந்தாம் நரம்பு மூன்று கிளைகளாகப் பிரிந்து நெற்றி, மேற்றாடை, கீழ்த்தாடை ஆகிய பகுதிகளுக்குச் செல்கின்றது. ஏழாம் நரம்போ காதின் அருகே மண்டையோட்டை விட்டு வெளிப்பட்டு, விசிறிபோல் விரிந்து முகத்தசைகளை அடைகின்றது.

முகத்தின் ஒரு பக்கத்தே மின்னல் வெட்டினாற்போலத் தோன்றி மறையும் கொடிய நோவு ஒன்று உண்டு. அதனைத் தீர்க்கக் கருதிய சத்திர வைத்தியர் சிலர் ஏழாம் நரம்பை வெட்டினர். நோவு தீரவில்லை, முகமோ ஒரு பக்கம் செயலற்றுத் தொங்கியது. உள்ள துன்பத்தோடு புதிய துன்பமும் சேர்ந்தது.

இம்மயக்கத்தை நீக்க முற்பட்டவருள் முதல்வர், 1774இல் எடின்பரோவிற் பிறந்த சார்ள்ஸ் பெல். வைத்தியராகிய அவர் ஓவியத்திலும் வல்லவர். முகத்தசைகள் மெய்ப்பாடுகளைக் காட்டும் விதத்தை விளக்கி 1806இல் ஓவியர்க்கென ஒரு நூல் செய்தவர். 1821இல் அவர் இலண்டன் றோயல் சங்கத்தில் ஓர் ஆய்வுரையை வெளியிட்டார். கழுதையொன்றின் ஏழாம் நரம்பை ஒரு பக்கத்தில் வெட்டியபோது அப்பக்கத்து மூக்குத்துளை மூச்சுக்கேற்ப விரியாது அசைவற்றது. ஐந்தாம் நரம்பின் கிளையை வெட்டியபோது உதடு உணர்ச்சி இழந்தது.

எனினும், பெல் முழு உண்மையையும் கண்டாரல்லர். கிளை வெட்டப்பட்ட கழுதை உதட்டால் உணவை எடுக்காமை கண்டு, அக்கிளை உதட்டை இயக்குவது எனவும் கொண்டார். அவரிடம் பயின்ற ஹேர்பேட் மேயோ மீண்டும் சோதித்து, விலங்கு உதட்டை அசைக்கவல்லது. உணவு உதட்டிற் படுவதை உணராமையாலேயே அதனை எடுக்கவில்லை என விளக்கினார். இதே காலத்தில், 1822இல், முள்ளந்தண்டு நரம்புகளின் முன்வேர் இயக்கத்துக்கும் பின்வேர் உணர்ச்சிக்கும் உரியன எனப் பிரான்சிய அறிஞர் மகெந்தி சோதனையாற் காட்டினார். பெல் பின்னர்த் தம் கட்டுரைகளை மறுபதிப்பிட்டபோது, புதிய உண்மைக்கேற்பச் சொற்களை மாற்றினார் என்பது வரலாற்றாசிரியர் கூறும் குறை. ஏழாம் நரம்பு செயலிழப்பதால் வரும் முகவாதம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இந்நோயாளருக்கு ஒரு கண் மூடாது; வாய் மறுபக்கம் கோணும்; ஆயினும் கன்னத்தைத் தொட்டால் உணர்வர். முகபாவம் ஏழாம் நரம்பின் ஆட்சி. தொடுவுணர்ச்சியும் மெல்லும் தசைகளின் இயக்கமும் ஐந்தாம் நரம்பின் ஆட்சி. நாவிலோ ஆட்சி மேலும் பங்கிடப்பட்டுள்ளது. அதனை அசைப்பது பன்னிரண்டாம் நரம்பு. முற்பகுதியின் தொடுவுணர்ச்சி ஐந்தாம் நரம்பினது. அப்பகுதியின் சுவை ஏழாம் நரம்பின் வழியது. பிற்பகுதியின் சுவை ஒன்பதாம் நரம்பினது.

இவ்வறிவு யாழ்ப்பாணத்தையும் எட்டியது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கிறே என்பாரின் உடற்கூற்று நூலைத் தமிழாக்குவித்து 1872இல் வெளியிட்டார். கத்தியை எடுக்குமுன் நரம்பை அறிதல் வேண்டும் என்னும் பாடத்தை இந்நாட்டு மாணவரும் தம் தாய்மொழியிற் கற்கும் வாய்ப்பு அவ்வாறு பிறந்தது.