தடையும் உரிமையும்
1939ஆம் ஆண்டுக் குடிபெயர்வுத் தடையும் மலையகத் தமிழர் வரலாறும்

ஓர் அரசு தன் ஆட்சிக்கு உட்பட்ட மக்களுள் ஒரு பகுதியினர்க்கு உரிமை மறுக்குமிடத்து, பிறிதோர் அரசு படையெடாது, அதற்கு வேண்டிய பொருளையோ உதவியையோ நிறுத்தி அதனை நெறிப்படுத்த முயல்வது இக்கால அரசியலில் பெருவழக்காகிவிட்டது. பொருளாதாரத் தடை என்னும் இம்முறையைப் பற்றிப் பேசுவோர் தென்னாபிரிக்காவையே முதற்கண் எடுத்துக்காட்டுவர். ஆனால் அதற்கு முன்னரே, இலங்கை மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களைக் குறித்து ஒரு தடை விதிக்கப்பட்டதென்பதும், அதன் விளைவைத் தாங்கியோர் திம்புள்ள முதலிய பகுதிகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரே என்பதும் பலராலும் மறக்கப்பட்ட செய்திகளாகும். ஒரு தடை எப்பொழுது பயன் தரும், எப்பொழுது தராது என்னும் வினாவிற்கு இம்மலைநாட்டின் வரலாறு தெளிந்த விடை தருகின்றது.

கொட்டகலை, பத்தனை, தலவாக்கொல்லை, லிந்துலை, அக்கரபத்தனை முதலிய இடங்களை உள்ளடக்கிய திம்புள்ளப் பகுதி முதலிற் கோப்பி நிலமாக விளங்கியது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிவைத்த தேயிலைச் செய்கை அதன் இடத்தைப் பற்றியது. 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் புகைவண்டிப் பாதை எட்டியபின் இச்சரிவுகள் முழுவதும் தேயிலையாயின. கோப்பிக்குப் பருவகாலத்தில் மட்டும் ஆள் வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆதலின் வந்து திரும்பிய கூட்டம் குடும்பத்தோடு லயன்களில் தங்கும் மக்களாயிற்று. இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம் முதலிய சீமைகளிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டி வந்தனர். 1904 முதல் திருச்சிராப்பள்ளியிலிருந்த கோஸ்ட் ஏஜென்சியும், மண்டபம் முகாமும் இவ்வரவை ஒழுங்குசெய்தன. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கியதும் கடல் கடத்தல் எளிதாயிற்று.

தொழிலாளியின் வரவை எளிதாக்கிய இவ்வேற்பாடுகள் அவன் உரிமையைப் பேணவில்லை. முன்பணக் கடனும், அக்கடனைக் குறித்த துண்டுச் சீட்டும் அவனைக் கங்காணிக்கும் துரைக்கும் கட்டுண்டவனாக்கின. துண்டு முறை 1921இற்றான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே இந்திய அரசாங்கம் இயற்றிய குடிபெயர்வுச் சட்டம் ஒரு புதிய ஆயுதமாயிற்று. தொழிற்பயிற்சியற்ற தொழிலாளர் எந்நாட்டிற்கு எவ்விதிகளின்படி செல்லலாம் என்பதை விதிக்கும் அதிகாரத்தை அச்சட்டம் இந்திய அரசாங்கத்திற்கு அளித்தது. அதன் பயனாக 1923 முதல் இந்திய அரசாங்கத்தின் ஏஜண்டு ஒருவர் கண்டியில் அமர்ந்து தோட்டத் தொழிலாளர் நிலையைக் கண்காணிக்கலானார். தக்க கூலி வழங்கப்படல் வேண்டும் என்னும் வற்புறுத்தல் தொடர்ந்தது. 1927ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலாளர்க்குரிய குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்படி மேல்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், பிள்ளைகளுக்கு 32 சதமும் நாட்கூலியாக வகுக்கப்பட்டன.

இக்கூலி பெரிதன்று. ஆயினும் அது கிடைத்த வகை கருதற்பாலது. அக்காலம் தேயிலையும் ரப்பரும் விரிவடைந்த காலம். தோட்டத்துரைமார்க்கு ஆள் இன்றியமையாதிருந்தது. கடல்வழி அடைபடலாம் என்ற எண்ணமே அவர்களை இணங்கச் செய்தது. வாயில் திறந்திருந்தபொழுதே அதனை அடைக்கும் அதிகாரம் பயன் தந்தது.

இத்தகைய முறைக்கு முன்மாதிரி தென்னாபிரிக்காவின் நேட்டாலில் நிகழ்ந்தது. 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து 'துரூரோ' என்னும் கப்பல் டர்பனை அடைந்தது முதல் அங்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளருட் பெருந்தொகையினர் தமிழர். ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்க விரும்பியோர்மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுதோறும் 3 பவுண் தலைவரி சுமத்தியது. கோபால கிருஷ்ண கோகலே 1910 பெப்ரவரியில் இந்தியச் சட்டசபையிற் கொணர்ந்த தீர்மானத்தின் விளைவாக, 1911 ஜூலை 1 முதல் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புதல் நிறுத்தப்பட்டது. அதனால் மட்டும் தலைவரி நீங்கிற்றில்லை. 1913இல் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். பெண்கள் சிறை புகுந்தனர். சிறையிலிருந்து நோயோடு மீண்ட தில்லையாடி வள்ளியம்மை 1914 பெப்ரவரி 22இல் உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே தலைவரி ஒழிக்கப்பட்டது. வெளித்தடை தொடங்கியதை உள்நாட்டார் தியாகமே முடித்துவைத்தது.

இலங்கையில் நிலைமை 1931க்குப் பின் மாறியது. டொனமூர் அரசியற்றிட்டம் சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தபோதும், இந்தியத் தமிழர்க்கு நிரந்தர வதிவு முதலிய தகுதிகளை வேண்டியது. அவ்வெல்லைக்குள்ளும் மலைநாட்டு மக்கள் தம் குரலை அரசாங்க சபையில் எழுப்பினர். 1931இல் ஹற்றன் தொகுதியிலிருந்து பெரி. சுந்தரம் தெரிவாகித் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். 1936இல் அத்தொகுதியிலிருந்து கோ. நடேசய்யர் சென்றார். 1931இல் ஹற்றனிலே தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவி, மனைவியார் மீனாட்சி அம்மையாரோடு தோட்டந்தோறும் சென்று தொழிலாளரை விழிப்பித்தவர் அவர். ஆனால் உலகப் பொருளாதார மந்தம் வேலையின்மையை வளர்த்தது. வேலையற்றோர் குறைக்கு வந்தேறியோரே காரணம் என்னும் கூச்சல் மிகுந்தது. இதனை ஆராய அமர்த்தப்பட்ட சேர் எட்வர்ட் ஜாக்சன் 1938இல் அளித்த அறிக்கை அக்குற்றச்சாட்டிற்கு ஆதாரங் காணவில்லை. கிராமச் சபைத் தேர்தல்களில் தோட்டத் தொழிலாளர்க்கு வாக்கில்லை என்னும் நிலையும் இக்காலத்திலேயே உறுதிப்பட்டது.

1939இல் அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலி பெற்றுவந்த இந்தியரை வேலையினின்றும் நீக்கத் திட்டமிடப்பட்டது. அதனைத் தவிர்க்கும்பொருட்டு இந்தியக் காங்கிரஸ் ஜவகர்லால் நேருவை அனுப்பியது. அவர் ஜூலைத் திங்களில் கொழும்பு வந்து அமைச்சர்களோடு பேசினார். பேச்சுப் பயனளிக்கவில்லை. பிரிந்து நின்ற இந்தியச் சங்கங்களை ஒன்றுபடுத்துமாறு அவர் கூறியதன் விளைவாக ஜூலை 25இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. ஆகஸ்ட் 1 முதல் இந்தியத் தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது.

இத்தடை யாரை வருத்தியது? தோட்டத்துரைமாரை உடனடியாக வருத்தவில்லை. 1933 முதல் நடைமுறையிலிருந்த சர்வதேசத் தேயிலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தால் ஏற்றுமதி வரையறுக்கப்பட்டிருந்தது. புதுத் தோட்டம் திறப்பதும் கட்டுப்பட்டிருந்தது. இருந்த ஆட்களே போதுமானவராயினர். அமைச்சர்களையும் வருத்தவில்லை. இந்தியர் வரவு குறைதல் வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். எதிரி விரும்பாததை நிறுத்தினாற்றான் தடை தடையாகும். அவன் விரும்பியதையே செய்துவிட்டு அவன் பணிவான் என எதிர்பார்த்தல் பொருந்தாது.

வருந்தியோர் தொழிலாளரே. திம்புள்ள லயன்களில் வாழ்ந்தோர்க்குக் கடலின் அக்கரையும் இல்லமாகவே இருந்தது. குலதெய்வக் கொடை, திருமணம், மூத்தோர் சாவு, சிறு காணித் துண்டின் பங்கீடு ஆகியவற்றுக்காக ஊர் சென்று மீள்வது அவர் வாழ்வின் இயல்பு. தடை வந்தபோது ஊர் சென்றிருந்தோர் மீள வழியின்றி நின்றனர். தோட்டத்திலிருந்தோர் சென்றால் திரும்பமுடியாதென அஞ்சி, தாய் தந்தையரின் இறுதிக் கடனுக்கும் செல்லாதிருந்தனர். கணவன் ஒரு கரையிலும் மனைவி மக்கள் மறுகரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. 1942இலேதான் இங்கு வாழ்ந்துவந்தோர் இந்தியா சென்று மீள்வதற்கு இடமளித்துத் தடை தளர்த்தப்பட்டது.

அரசியற் பேச்சுக்களிலும் தடை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 1940 நவம்பரில் டெல்லியில் நடந்த பேச்சு முறிந்தது. 1941இல் சேர் கிரிஜா சங்கர் பாஜ்பாயும் டி. எஸ். சேனநாயக்காவும் தலைமை தாங்கிய குழுக்கள் கண்ட உடன்பாடு நிறைவேறாது கிடந்தது. மலாயா யப்பானியர் கைப்பட்டபின் இலங்கை ரப்பருக்குத் தேவை மிகுந்து, மேலும் ஆட்கள் வேண்டப்பட்டபோதும், வருவோரின் உரிமை பற்றி இணக்கம் காணப்படாமையால் அம்முயற்சி கைகூடவில்லை.

எனினும் எவரும் எண்ணாத ஒரு விளைவு உண்டாயிற்று. வரவு நின்றமையால், தோட்டத்திலிருந்தோர் வந்துபோகும் கூட்டம் என்னும் நிலை மாறி, இம்மண்ணிற் பிறந்து வளரும் நிலைத்த சமுதாயமாயினர். எளிதில் வேறு ஆள் கொணர முடியாத நிலையில் அவர்கள் உழைப்பின் மதிப்பும் உயர்ந்தது. 1939இன் பிற்பகுதியிலிருந்து 1940 வரை மலைநாடெங்கும் வேலைநிறுத்தங்கள் எழுந்தன. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலீசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். அவ்வாண்டே துரைமார் சங்கம் தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது.

அடுத்து வந்த காலம் இன்னும் கொடியது. 1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கொல்லையிலிருந்து கவிஞர் ஸி. வி. வேலுப்பிள்ளையும், நுவரெலியாவிலிருந்து சௌ. தொண்டமானும் பாராளுமன்றம் சென்றனர். 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தற் சட்டத் திருத்தமும் அம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1949இல் இயற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தும், உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

இதற்கு ஈராண்டு முன்னர், தென்னாபிரிக்கா இந்தியரின் நிலவுரிமையை ஒடுக்கும் சட்டம் இயற்றியமைக்காக, இந்தியா அந்நாட்டோடு வாணிகத்தை முறித்து, 1946இலேயே ஐக்கிய நாடுகள் சபையில் முறையிட்டிருந்தது. இலங்கை தொடர்பில் அத்தகைய தடை விதிக்கப்படவில்லை. பேச்சுவழியே மேற்கொள்ளப்பட்டது. அவ்வழியின் முடிவாக 1964 அக்டோபர் 30இல் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவிற்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பின்னர்த் தீர்ப்பதற்கு விட்டது. பங்கிடப்பட்ட மக்கள் அவ்வொப்பந்தத்திற் பங்கு பெறவில்லை. தடையாயினும் பேச்சாயினும், உரியவரை விலக்கி நடைபெறின் அவர்தம் நலம் இரண்டாமிடமே பெறும்.

தென்னாபிரிக்காவின் பிற்கால வரலாறும் இதனையே வலியுறுத்துகின்றது. இந்தியா தனித்து விதித்த தடை ஆண்டுகள் பல கழிந்தும் அவ்வரசை அசைக்கவில்லை. 1962இல் பொதுச்சபை பொருளாதாரத் தடையை வேண்டியது. 1977இல் பாதுகாப்புச் சபை ஆயுதத் தடையைக் கட்டாயமாக்கியது. 1986இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளும் தடைச் சட்டம் இயற்றின. வல்லரசுகளின் வாணிகமும் கடனும் சுருங்கிய அக்காலத்திலேயே, கறுப்பின மக்களின் தொழிற்சங்கங்களும் நகர்ப்புறச் சேரிகளும் கிளர்ந்தெழுந்தன. இரண்டும் கூடியபோதே 1994இல் எல்லா மக்களும் வாக்களிக்கும் நாள் பிறந்தது.

மலையகத்திலும் முடிவு அத்தகையதே. 1986 தைப்பொங்கலை ஒட்டி இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தொண்டமான் தலைமையிற் பிரார்த்தனை இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. தொழிலாளர் காலைப்பொழுதில் வேலைக்கு இறங்காது வழிபாட்டில் அமர்ந்தனர். தை முதல் பங்குனி வரையுள்ள வறண்ட பருவமே திம்புள்ளத் தேயிலை மணமும் விலையும் மிகப்பெறும் காலம். கொழுந்து காத்திராது. உரிய நாளில் எடாவிடின் அது முற்றிப்போகும். 1939இல் நிறுத்தப்பட்டது எவருக்கும் அப்போது வேண்டாத வரவு. 1986இல் நிறுத்தப்பட்டதோ ஒரு நாளும் இன்றியமையாத கை. இனப்பிரச்சினையில் இந்தியா நடுநின்று வற்புறுத்திய காலமாகவும் அஃது இருந்தது. அவ்வாண்டே, இந்தியக் குடியுரிமை வேண்டாது எஞ்சியிருந்த ஏறத்தாழ 94 ஆயிரம் பேருக்குப் பிரசாவுரிமை வழங்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் அதனை நிறைவாக்கின.

அண்மைக் காலத்திலும், மனித உரிமை உடன்படிக்கைகள் பேணப்படவில்லை என்னும் காரணங் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கு அளித்த 'ஜீஎஸ்பி பிளஸ்' வரிச்சலுகையை 2010 ஆகஸ்டில் நிறுத்தி 2017 மே மாதத்தில் மீள வழங்கியது. அச்சலுகை பெரிதும் ஆடைத் தொழிலைச் சார்ந்தது. தோட்டத்திலிருந்து சென்ற இளம்பெண்கள் பலரும் அத்தொழிலில் உளர். எனவே சலுகை மறுப்பின் சுமை முதலில் யார் தோளில் விழும் என்னும் பழைய வினா இங்கும் எழுந்தது. இடையில் 2015 ஜனவரியில் ஆட்சியை மாற்றியவர் இந்நாட்டு வாக்காளரே.

ஆகவே தடையை முற்றும் பயனற்றதென ஒதுக்குதலும், அதுவே எல்லாம் செய்யும் என நம்புதலும் ஒருசேரப் பிழையாகும். நிறுத்தப்படுவது எதிரிக்கு இன்றியமையாததா, அதன் துன்பம் யாரைச் சேரும், அத்துன்பத்தை ஏற்போர் அதற்கு இசைந்தவரா என்னும் மூன்று வினாக்களும் முன்னர் ஆராயப்படல் வேண்டும். 1939இல் இவை வினவப்படவில்லை. அதன் விலையை மண்டபத்தில் மறிக்கப்பட்டோரும், திம்புள்ள லயன்களில் பிரிந்திருந்தோரும் கொடுத்தனர். இறுதியில் உரிமையை ஈட்டியதும் அவர் வழிவந்தோர் கைகளே.