செடி பட்ட மண்ணில் மறுநடவு: கலிஃபோர்னிய ஸ்ட்ராபெரியின் கதை

கலிஃபோர்னியாவில் ஸ்ட்ராபெரி பயிரிட்டவர்களை 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அலைக்கழித்த நோய்களுள் முக்கியமானது வெர்டிசிலியம் வாடல். மண்ணில் வாழும் இந்தப் பூஞ்சை வேர் வழியே நுழைந்து, செடிக்குள் நீரேறும் குழாய்களை அடைத்துவிடும். முதலில் வெளிச்சுற்று இலைகள் காய்ந்து தரையில் படியும். நடுக்குருத்து மட்டும் சில காலம் பச்சையாக நிற்கும். பட்ட செடியைப் பிடுங்கிவிட்டு அதே பாத்தியில் புதுக் கன்று ஊன்றினால் அதுவும் வாடும். காரணம், இப்பூஞ்சையின் கரிய நுண்மணிகள் பயிரே இல்லாவிட்டாலும் பத்தாண்டுகளுக்கு மேல் மண்ணில் உயிரோடு கிடக்கக்கூடியவை. தக்காளி, உருளைக்கிழங்கு, பருத்தி ஆகியவற்றையும் இது தாக்குவதால், அவை விளைந்த வயலிலும் ஸ்ட்ராபெரிக்கு ஆபத்து உண்டு. அதனால் புது நிலம் தேடிப் போவதே அன்றைய வழியாக இருந்தது.

1950களில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத் தாவர நோயியலாளர் ஸ்டீஃபன் வில்ஹெல்ம், நடவுக்கு முன் மண்ணுக்குள் குளோரோபிக்ரின் செலுத்தி நோயைக் கட்டுப்படுத்தும் முறையை ஆராய்ந்தார். முதல் உலகப்போரில் நச்சுவாயுவாகப் பயன்பட்ட பொருள் அது. அதனுடன் மெத்தில் புரோமைடைக் கலந்து, பிளாஸ்டிக் விரிப்பால் வயலை மூடியபோது பலன் கூடியது. 1960களில் இது வழக்கமான முறையானது. ஒரே வயலில் ஆண்டுதோறும் மறுநடவு செய்ய முடிந்தது, விளைச்சல் பெருகியது. நோய் தாங்கும் குணத்தைவிட விளைச்சலும் பழத்தின் தரமுமே ரகத் தேர்வில் முன்னுக்கு வந்தன.

மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தை அரிப்பதால், 1992இல் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. வளர்ந்த நாடுகள் 2005க்குள் அதைக் கைவிட வேண்டும் என்றானது. கலிஃபோர்னிய ஸ்ட்ராபெரி வயல்களுக்குக் கிடைத்த விலக்கு 2016இல் முடிந்தது. இடையில் ஃபுசேரியம் வாடலும் மாக்ரோஃபோமினா அழுகலும் அங்கே தலைகாட்டின.

வேறு வழிகளும் உருவாயின. அரிசித் தவிட்டை மண்ணில் கலந்து, பிளாஸ்டிக்கால் மூடி, நீர் பாய்ச்சிச் சில வாரங்கள் விட்டால், நுண்ணுயிர்கள் தவிட்டைச் சிதைக்கும்போது மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்து, நோய்ப் பூஞ்சைகள் பல ஒடுங்கும். நெதர்லாந்திலும் ஜப்பானிலும் தனித்தனியே உருவான முறை இது. பிராக்கோலி விளைவித்து, அதன் மிச்சத்தை மண்ணில் மடக்கி உழுதாலும் வெர்டிசிலியம் குறையும்.

வீட்டுத் தோட்டத்துக்கும் இதே விதிதான்: நோயில் செடி பட்ட பாத்தியையும், தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு விளைந்த பாத்தியையும் தவிர்த்து, நோயற்ற கன்றை வேறிடத்தில் நடுவதே பாதுகாப்பு.