மீட்டரை யார் படிப்பது? சிங்காராவிலிருந்து ஸ்மார்ட் மீட்டர் வரை

தெப்பக்காட்டுக்குப் போகிறவர்கள் யானைக்கு ராகிக் களி உருட்டிக் கொடுப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து மசினகுடி வழியாகக் கொஞ்ச தூரம் போனால் சிங்காரா. தமிழ்நாட்டு மின்சாரத்தின் வரலாற்றில் அந்தப் பெயருக்குத் தனி இடம் உண்டு. நம் குடியிருப்பின் அடுத்த பொதுக்குழுவில் ஸ்மார்ட் மீட்டர் பற்றிப் பேச வேண்டும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

1927-ல் சென்னை மாகாண அரசு மின்சாரத்துக்கென்று தனித் துறை ஒன்றைத் தொடங்கியது. அந்தத் துறை கையிலெடுத்த முதல் பெரிய வேலை பைக்காரா. மலைமேல் ஓடும் பைக்காரா ஆற்றின் நீரைக் குழாய்களில் 900 மீட்டருக்கும் மேல் கீழே இறக்கி, சிங்காராவில் டர்பைன்களைச் சுழற்றினார்கள். 1932-ல் மின்சாரம் வந்தது. காட்டுக்கு நடுவே பிறந்த அந்த மின்சாரம் கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகளுக்குப் போய் அந்த ஊரையே மாற்றிவிட்டது. 1950-களின் தொடக்கத்தில் மாயாறு மின்நிலையமும், 1960-லிருந்து குந்தா மின்நிலையங்களும் வந்தன. 1957 ஜூலை 1-ல் மின்துறை வாரியமானது. நாம் இன்றும் சொல்லும் 'ஈபி' அதுதான். 2010-ல் அது பிரிந்து, விநியோகத்துக்கும் மின்தொடருக்கும் தனித்தனி நிறுவனங்கள் ஆயின.

மின்சாரத்தை உற்பத்தி செய்வது ஒரு வேலை என்றால், யார் எவ்வளவு செலவழித்தார் என்று கணக்கு வைப்பது இன்னொரு வேலை. அரிசியை அளக்கப் படி இருக்கிறது, பாலை அளக்க லிட்டர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்தை எதைக் கொண்டு அளப்பது?

1880-களில் அமெரிக்காவில் எடிசனின் நிறுவனம் வைத்த மீட்டரில் முள்ளும் கிடையாது, எண்ணும் கிடையாது. கண்ணாடிச் சாடியில் ரசாயனக் கரைசல், அதில் இரண்டு துத்தநாகத் தகடுகள், அவ்வளவுதான். மின்சாரம் ஓட ஓட ஒரு தகடு கரைந்து மற்றதில் படியும். நிறுவனத்தின் ஆள் வந்து தகட்டை எடுத்துப் போய்த் தராசில் நிறுத்து பில் போடுவார். குளிர்காலத்தில் கரைசல் உறைந்துவிடாமல் இருக்க உள்ளே ஒரு பல்பும் எரியவிட்டார்கள். மீட்டர் நம் வீட்டில், கணக்கு அவர்கள் கையில். வீட்டுக்காரருக்குப் படிக்க அதில் ஒன்றுமே இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தது சுழலும் தகடு. 1885-ல் இத்தாலியின் கலிலியோ ஃபெராரிஸ் சுழலும் காந்தப்புலத்தை விளக்கினார். 1889-ல் ஹங்கேரியின் ஓட்டோ பிளாத்தி அந்த வழியில் மீட்டர் செய்து காப்புரிமை பெற்றார். நம் பழைய கறுப்புப் பெட்டி மீட்டர் அந்தப் பரம்பரைதான். அதில் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று மின்னழுத்தத்தை உணரும், மற்றது வீட்டுக்குள் போகும் மின்னோட்டத்தை உணரும். இரண்டும் சேர்ந்து ஓர் அலுமினியத் தகட்டைச் சுழற்றும். ஒரு காந்தம் அதற்கு பிரேக் போடும். ஆகவே எவ்வளவு செலவோ அவ்வளவு வேகம். கிரைண்டர் போட்டால் தகடு ஓடும், நிறுத்தினால் நிதானமாகும். எழுத்து தெரியாதவர்களுக்கும் அது புரிந்தது. "சக்கரம் என்னமா சுத்துது, எதை அணைக்காம விட்டே?" என்று பாட்டிமார் கேட்ட காலம் அது.

வெள்ளை அட்டையும் அப்படித்தான். ரீடிங் எடுக்க வருபவர் தேதி, அளவு, தொகை மூன்றையும் அதில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். மீட்டரும் அட்டையும் வீட்டிலேயே இருந்ததால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

2006-ல் மத்திய மின்சார ஆணையத்தின் மீட்டர் விதிமுறைகள், புதிய மீட்டர்கள் சுழலும் பாகமில்லாத மின்னணு மீட்டர்களாக இருக்க வேண்டும் என்றன. சக்கரம் போய்ச் சிவப்பு விளக்கு வந்தது. நம் மீட்டர் அறையில் சிமிட்டிக்கொண்டிருப்பது அதுதான். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், 3200 சிமிட்டல் ஒரு யூனிட். 1000 வாட் ஹீட்டரை மட்டும் போட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அணைத்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு யூனிட் ஆக வேண்டும். அதாவது நிமிடத்துக்கு சுமார் 53 சிமிட்டல். கைக்கடிகாரம் இருந்தால் போதும், மீட்டர் சரியா என்று நாமே ஓரளவு பார்த்துவிடலாம். திரையில் மாறி மாறி வரும் எண்களில் 'கேடபிள்யூஎச்' என்று வருவதே பில்லுக்கான யூனிட். 'எம்டி' என்பது ஒரே நேரத்தில் நாம் இழுத்த அதிகபட்ச மின்சுமை.

இதெல்லாம் ஏன் முக்கியம்? 2022 செப்டம்பர் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1725 ரூபாய். 501 ஓடினால் 1958 ரூபாய். கூடிய ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளும் மேல் விகிதத்துக்குப் போய்விடுவதே காரணம். சமவெளியில் கோடையில் ஏசியால் பில் ஏறும். நமக்கு டிசம்பர், ஜனவரியில் கீசராலும் ரூம் ஹீட்டராலும் ஏறும். 480-ல் நிற்கிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால் கடைசி வாரத்தில் சமாளிக்கலாம். பில் வந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

ஸ்மார்ட் மீட்டரின் நல்ல பக்கம் இதுதான். அரை மணிக்கு ஒருமுறை செலவைப் பதிந்து, ரேடியோ அலை மூலமோ செல்போன் சிக்னல் மூலமோ அனுப்பிவிடும். காட்டோர ஊர்களில் சிக்னல் போனாலும் நினைவில் வைத்திருந்து பிறகு அனுப்பும். 2021-ல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின் இலக்கு 25 கோடி ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர்கள். தமிழ்நாட்டில் முதலில் சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கும் மேல் பொருத்தினார்கள்.

ஆனால் கணக்கு மறுபடியும் வீட்டை விட்டு வெளியே போகிறது. எடிசன் காலத்துத் தகடு போல, இப்போது எண் எங்கோ ஒரு சர்வருக்குப் போகிறது. பிரிட்டனில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். ஸ்மார்ட் மீட்டரோடு, சமையலறையில் வைத்துக்கொள்ளச் சிறு திரை ஒன்றையும் தருகிறார்கள். இந்த நிமிடம் எவ்வளவு ஓடுகிறது, இன்று எத்தனை பவுண்டு என்று அது காட்டும். நெதர்லாந்தில் வேறு கேள்வி எழுந்தது. கால் மணிக் கணக்கைப் பார்த்தால் வீட்டில் ஆள் இருக்கிறாரா, எப்போது தூங்குகிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடுமே என்று சொல்லி, கட்டாய ஸ்மார்ட் மீட்டர் சட்டத்தை 2009-ல் மேலவை நிறுத்தியது.

நம் நாட்டில் தனித் திரை கிடையாது, செல்போன் செயலிதான். ஆனால் நுகர்வோர் உரிமை விதிகள் நம் பக்கம் இருக்கின்றன. 2023 திருத்தத்தின்படி ஸ்மார்ட் மீட்டரை நாளுக்கு ஒருமுறையாவது தொலைவிலிருந்து படித்து, அந்தத் தகவலை நுகர்வோருக்கும் தர வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் காட்டும் அதிகபட்ச மின்சுமையை வைத்து, அது பொருத்துவதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் போடக் கூடாது. 2024 திருத்தத்தின்படி, ரீடிங் தவறு என்று புகார் கொடுத்தால் ஐந்து நாளுக்குள் கூடுதலாக ஒரு மீட்டர் வைத்து, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பொதுக்குழுவில் வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போடுவதை விட மூன்று கேள்விகளைக் கேட்போம். தினக் கணக்கு நமக்கு எப்படி வரும்? செல்போன் செயலி தெரியாத பெரியவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? பழைய மீட்டரைக் கழற்றும்போது கடைசி ரீடிங்கை யார் முன்னிலையில் எழுதுவார்கள்?

அதுவரை ஒரு சின்ன வேலை. ஒவ்வொரு மாதமும் 1-ம் தேதி மீட்டர் அறைக்குப் போய் உங்கள் எண்ணை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இரண்டாம் தளத்துத் தாத்தா ஒருவர் வெள்ளை அட்டைகளை இன்னும் கட்டி வைத்திருக்கிறார். புது மீட்டர் வந்தாலும் நோட்டை விட மாட்டேன் என்கிறார். அவர் சொல்வது சரிதான்.