மலாயாக் கடிதங்களும் யாழ்ப்பாணக் குடும்பமும்

வரலாறு என்றதும் மன்னரும் போரும் அரசியற் சீர்திருத்தங்களுமே எம் மனத்தில் முதலில் தோன்றுகின்றன. ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குச் சென்ற சுகசெய்திக் கடிதத்தை வரலாற்று மூலமாகக் கொள்ளும் வழக்கம் எம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. மாடு கன்று ஈன்றதையும் மருமகளுக்குக் காய்ச்சல் மாறியதையும் கூறும் தாள்களில் வரலாற்று மாணவனுக்கு என்ன இருக்கிறது என்று வினவுவோர் உளர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நிலவிய கடிதத் தொடர்பை முன்வைத்து, அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாக நோக்குவோம். 1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கப்பெற்றது. மிஷன் பாடசாலைகளும், அவற்றுக்கு எதிர்வினையாக எழுந்த சைவப் பாடசாலைகளும் ஆங்கிலம் கற்ற இளைஞரைப் பெருந்தொகையாக உருவாக்கின. குடாநாட்டு மண்ணோ அவர்கள் அனைவருக்கும் உத்தியோகம் வழங்கக்கூடியதன்று. இந்நிலையில், 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. 1896இல் கூட்டிணைக்கப்பட்ட மலாய் நாடுகள் அமைந்ததும் புகையிரதம், திறைசேரி, நில அளவை முதலிய பகுதிகளுக்கு எழுதுவினைஞர் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணத்து இளைஞர் கப்பலேறினர். 1905இல் புகையிரதப் பாதை யாழ்ப்பாணத்தைக் கொழும்புடன் இணைத்தபின் இப்பயணம் மேலும் எளிதாயிற்று. போன திசையிலேயே கடிதமும் போயிற்று. வந்த வழியே காசும் வந்தது.

எமது குடும்பத்தில் எஞ்சியுள்ள மலாயாக் கடிதங்கள் 11 மட்டுமே. அவை தப்பியதும் தற்செயலே. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர நேர்ந்தபோது, ஆச்சி காணி உறுதிகளைப் பையிலிட்டுக்கொண்டு புறப்பட்டார். உறுதிகளின் மடிப்புக்குள் சிக்கியிருந்த கடிதங்களே இன்று எம்மிடம் உள்ளவை. தகரப் பெட்டியில் வைத்துவிட்டுச் சென்ற ஏனையவற்றைத் திரும்பிவந்தபோது காணவில்லை.

இக்கடிதங்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். தலையில் பிள்ளையார் சுழி, அதன்கீழ் சிவமயம், பின்னர் இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடத்துச் சுகத்தை அறிய ஆவல் என்னும் வாய்பாடு. அதன்பின் செய்திகள் வரிசையாக வருகின்றன: புகையிலைக் கன்று நட்டாயிற்று, கிணற்றில் நீர் வற்றிவிட்டது, தெற்கு வேலி இன்னும் அடைக்கவில்லை, சின்னம்மாவுக்கு ஆண் குழந்தை, கொடியேற்றத்துக்கு எல்லோரும் நல்லூருக்குப் போய்வந்தோம். ஒடியலும் பனாட்டும் மலாயாவுக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்பிய செய்தியும் உண்டு. எழுத்தறியாத தாய் சொல்லச்சொல்ல வேறொருவர் எழுதியதால், வாய்பாட்டின் செந்தமிழுக்கு நடுவே திடீரெனப் பேச்சுத்தமிழ் தலைகாட்டுகிறது. தாயின் குரல் கேட்கும் இடங்கள் அவையே.

இக்கடிதங்களை முதன்முறை வாசித்தபோது ஒரு விடயம் என்னை வியப்பில் ஆழ்த்தியது. மகன் அனுப்பிய பணத்தால் தங்கைமார் இருவருக்குச் சீதனம் கொடுக்கப்பட்டது. ஓலை வீடு கல்வீடாகியது. எனினும், 11 கடிதங்களில் ஓரிடத்திலேனும் ‘நன்றி’ என்ற சொல் இல்லை. நன்றியறியாத குடும்பம் என்று முதலில் எண்ணினேன். அவ்வெண்ணம் தவறென்பதைக் கடிதங்களே உணர்த்தின.

காசுக்கட்டளை கிடைத்த ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு எழுதப்பட்டுள்ளது. 1906இல் மலாயாவில் வழங்கிய டொலர் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என நிலைநிறுத்தப்பட்டது. அக்காலத்து ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ் பெறுமதியுடையது. எனவே 10 டொலர், தபாற் கட்டணம் நீங்கலாக, 17 ரூபாய் 50 சதமாகும். அந்த 17 ரூபாய் எவ்வாறு செலவாயிற்று என்பதைத் தகப்பன் மகனுக்கு எழுதுகிறார்: ஈட்டுக்கு இவ்வளவு, கொத்தனுக்கு இவ்வளவு, தம்பியின் பாடசாலைக் கட்டணம் இவ்வளவு, கோயிலுக்கு ஒரு ரூபாய். கேளாமலே தகப்பன் மகனுக்குக் கணக்குக் காட்டுகின்றார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதற்குச் சமூக வழமை ஒன்றும் அடிப்படையாக உண்டு. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை, மணமாகாத மைந்தர் ஈட்டிய பொருள் பெற்றோரின் பொதுச் சொத்தைச் சேரும் என விதித்தது. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் யாழ்ப்பாணத்துச் சொத்துரிமை விதிகளைப் பெரிதும் மாற்றியமைத்தபோதும், வழமையின் உணர்வு வீடுகளில் நிலைத்தது. உரியதைத் தருபவனுக்கு நன்றி கூறின் அவனை அந்நியனாக்கியதாகும். ஆனால் அவன் வியர்வை எங்கே போயிற்று என்பதை அவனுக்கு அறிவிக்காதிருப்பதும் அறமன்று. திருக்குறள் இவ்வுணர்வைச் ‘செய்ந்நன்றியறிதல்’ என்ற பெயரில் ஓர் அதிகாரமாகவே வகுத்துள்ளது. அங்கே நன்றி என்பது செய்யப்பட்ட நன்மை. அதை அறிதலே பெறுபவரின் கடன். கடிதமோ அறிவித்தல். வேலி அடைத்ததையும் கன்று ஈன்றதையும் அறிவிப்பதன் வாயிலாகத் தாம் அறிந்திருப்பதை அவர்கள் காட்டினர். எனவே, சாதாரணச் செய்தியே இக்குடும்பங்களில் நன்றியின் மொழியாக விளங்கியது எனலாம்.

எனினும், கடிதங்கள் கூறுவனவற்றை மட்டும் கொண்டு அக்காலத்தை அழகுபடுத்துதல் தகாது. சீதனத்தின் பொருட்டே மகன் தன் திருமணத்தைப் பல்லாண்டுகள் பின்தள்ளினான் என்பது திகதிகளை ஒப்பிடும்போதே புலனாகிறது; அதுபற்றி ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. அவ்வேலியை அடைத்தவரின் பெயரும் எக்கடிதத்திலும் இல்லை. சாதியின் பெயரால் பாடசாலை வாயில் மூடப்பட்டவர்கள் கப்பலேறவும் இல்லை. அவர்கள் வீட்டில் கடிதப் பெட்டியும் இல்லை. எஞ்சிய கடிதங்கள் எழுத வாய்ப்புப் பெற்றோரின் வரலாறே என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

கடிதத்தின் பெறுமதி அது நின்றபோதே முழுமையாக உணரப்பட்டது. 1941 டிசம்பரில் யப்பானியப் படைகள் மலாயாவில் இறங்கின; 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. 1945 செப்டெம்பரில் பிரித்தானியர் மீளும்வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், வழமையான தபாலும் காசும் நின்றன. எமது வீட்டில் பூட்டி, காசு வராததைவிடச் செய்தி வராததையே சொல்லிச்சொல்லி அழுதார் என்று ஆச்சி கூறுவார். போரின்பின் வந்த முதற் கடிதம் 11இல் ஒன்று. அதற்குள் யப்பானிய ஆட்சி அச்சிட்ட நாணயத்தாள் செல்லாக்காசாகிவிட்டது. அனுப்புவதற்கு மகனிடம் எதுவும் இல்லை. அக்கடிதத்தில் கணக்கு இல்லை. காசுபற்றிய பேச்சும் இல்லை. தான் உயிருடன் இருப்பதாகவும் தெற்கு வேலி என்ன நிலையில் இருக்கிறதென்றும் மட்டும் கேட்டிருந்தார். பூட்டி அக்கடிதத்தையே உறுதிகளுடன் வைத்தார்.

இன்று உறவினர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கின்றனர். முகத்தைப் பார்த்தே நாம் பேசுகின்றோம். பேசியது காற்றோடு போய்விடுகிறது. எமது சகமாணவருள் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையால் இரு நாடுகளுக்குப் பிரிந்த மலையகக் குடும்பத்தாரும் உளர். அவர்கள் வீட்டிலும் கடிதங்கள் இருந்திருக்கும். அடுத்த விடுமுறையில் வீடு செல்லும் ஒவ்வொருவரும் பழைய பெட்டியைத் திறந்து பார்ப்பது நன்று. கடிதம் இல்லையெனில் ஆச்சியிடம் கேட்டு எழுதிக்கொள்வோம். எமக்காக உழைத்தவர்களை அறிந்திருத்தலே நாம் அவர்களுக்குச் செலுத்தக்கூடிய கடன்.