போலீஸ் ஸ்கேனரும் ரோந்து எண்களும்: அமெரிக்காவின் ஒரு நூற்றாண்டுக் கதை

காவல்துறையின் வயர்லெஸ் பேச்சைப் பொதுமக்கள் கேட்பது, அமெரிக்காவில் காவல் வானொலி பிறந்த காலத்திலிருந்தே இருந்துவரும் வழக்கம். மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரக் காவல்துறை 1920களின் தொடக்கத்தில் கே.ஓ.பி. என்ற பெயரில் ஒரு நிலையத்தை நடத்திப் பார்த்தது. கார் குலுங்கக் குலுங்க ரிசீவர் அலைவரிசையை விட்டு நழுவியது. போதாததற்கு, அந்நிலையத்துக்குக் கிடைத்த உரிமத்தின்படி பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளையும் ஒலிபரப்பியாக வேண்டும். திருடன் ஓடிக்கொண்டிருக்கும்போது இசை போட வேண்டுமா என்று ஆணையர் வில்லியம் ரட்லெட்ஜ் அரசோடு மல்லுக்கு நின்றார். கடைசியில் கென்னத் காக்ஸ் என்ற காவலரும் ராபர்ட் பாட்ஸ் என்ற பொறியியல் மாணவரும் சேர்ந்து, ஓடும் காரில் தாக்குப்பிடிக்கும் ரிசீவரை உருவாக்கினார்கள். 1928 ஏப்ரல் 7 அன்று பெல் ஐல் தீவிலிருந்து டெட்ராய்டின் காவல் வானொலி முறையாகப் பேசத் தொடங்கியது.

அது ஒருவழிப் பேச்சு. காரில் இருப்பவர் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. செய்தி வந்து சேர்ந்தது என்று தெரிவிக்க, தெருமுனைத் தொலைபேசியைத் தேடிப் போக வேண்டும். நியூ ஜெர்சியின் பயோன் நகரில் 1933-ல் ரோந்து கார்களிலேயே டிரான்ஸ்மிட்டரும் பொருத்தப்பட்ட பிறகுதான் இருவழிப் பேச்சு வந்தது. 1940-ல் கனெக்டிகட் மாநிலக் காவல்துறை, பேராசிரியர் டேனியல் நோபிள் வடிவமைத்த எஃப்.எம். முறைக்கு மாறியதும் இரைச்சல் வெகுவாகக் குறைந்தது. பிற மாநிலங்களும் அதே வழியில் சென்றன.

இதற்குள் மக்கள் கேட்கப் பழகிவிட்டார்கள். 1930களில் காவல் நிலையங்கள் பேசிய அலைவரிசைகளில் பல, வழக்கமான மத்திய அலை வரிசைக்குச் சற்று மேலேதான் இருந்தன. 1931-ல் தொடங்கிய லாஸ் ஏஞ்சலஸ் காவல் வானொலி நிலையமான கே.ஜி.பி.எல். 1712 கிலோஹெர்ட்ஸில் பேசியது. வீட்டு ரேடியோவின் முள்ளைக் கடைசிவரை திருகினால் அந்தக் குரல் கேட்கும். ரேடியோ கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. டயலின் அந்த ஓரத்தில் ‘போலீஸ்’ என்று அச்சிட்டே விற்றன. லாஸ் ஏஞ்சலஸ் கட்டுப்பாட்டு அறையின் சார்ஜென்ட் ஜெஸ்ஸி ரோசன்க்விஸ்டின் குரல் மேற்குக் கரை முழுவதும் பழகிப்போய், ஒரு வானொலி நாடகத் தொடரிலும் இடம்பெற்றது.

கேட்பதையே தொழிலாக்கிக்கொண்டவர்களில் பெயர் பெற்றவர் நியூயார்க்கின் வீஜீ. ஆர்தர் ஃபெலிக் என்பது அவருடைய நிஜப் பெயர். காவல் தலைமையகத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருந்த இந்தப் புகைப்படக்காரர், 1938-ல் தன் காரில் போலீஸ் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி பெற்றார். காரின் டிக்கியில் தட்டச்சு இயந்திரம், ஃபிளாஷ் பல்புகள், தீயணைப்பு வீரர் அணியும் பூட்ஸ், சுருட்டு எல்லாம் தயாராக இருக்கும். கொலை நடந்த தெருவுக்குச் சில நேரங்களில் போலீசுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுவார். 1945-ல் வெளிவந்த அவருடைய ‘நேக்கட் சிட்டி’ படத்தொகுப்பு, நியூயார்க்கின் இரவுகளைப் பற்றிய மிகச் சிறந்த ஆவணங்களில் ஒன்று. அந்தப் படங்களில் பலவற்றுக்கு வழிகாட்டியது ஒரு ரிசீவர்தான்.

கார்கள் பெருகப் பெருகப் பேச்சைச் சுருக்க வேண்டிய தேவை எழுந்தது. அதிலிருந்து வந்ததுதான் ‘டென்-கோட்’. இல்லினாய் மாநிலக் காவல்துறையின் சார்லஸ் ஹாப்பர் 1937-ல் இதற்கு வித்திட்டார். காரணம் முழுக்க முழுக்க இயந்திரம் சார்ந்தது. அக்கால வால்வு டிரான்ஸ்மிட்டருக்கு மின்னழுத்தம் தரும் சிறு மோட்டார், பொத்தானை அழுத்திய பிறகே வேகம் பிடிக்கும். அதற்குள் சொல்லப்படும் முதல் அசை காற்றோடு போய்விடும். எனவே ‘டென்’ என்று முதலில் சொல்லி அந்த நொடியைக் கடத்தினார்கள். அதையடுத்து வரும் எண்ணே செய்தி. ‘டென்-ஃபோர்’ என்றால் ‘சொன்னது புரிந்தது’. 1950களில் ‘ஹைவே பேட்ரோல்’ தொலைக்காட்சித் தொடர் இதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் ஊருக்கு ஊர் எண்களின் பொருள் மாறியது. பல ஊர்ப் படைகள் ஒன்றுகூட வேண்டிய பேரிடர் நேரத்தில் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியாமல் போகும் ஆபத்து இருந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்கும் 2005 கத்ரீனா புயலுக்கும் பின், பல துறைகள் கூடிச் செயல்படும் இடங்களில் சாதாரண ஆங்கிலமே பேச வேண்டும் என்று மத்திய அரசு வலியுறுத்தியது.

டென்-கோடை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம். ரோந்து எண்கள் அப்படியல்ல. அவை அந்தந்த நகரத்தின் வரைபடத்தோடு பின்னிப் பிணைந்தவை. நகரத்தைத் தெரியாதவருக்கு வெறும் எண்ணாகக் கேட்பது, தெரிந்தவருக்கு முகவரியாகக் கேட்கும்.

லாஸ் ஏஞ்சலஸை எடுத்துக்கொண்டால், அழைப்பு மூன்று துண்டுகளாக இருக்கும். முதல் எண் பிரிவு: 1 என்றால் நகர மையம், 2 ராம்பார்ட், 6 ஹாலிவுட், 12 எழுபத்தேழாம் தெரு. இப்படி 21 வரை போகும். நடுவில் வரும் எழுத்து வண்டியின் வகையைச் சொல்கிறது. ‘ஆடம்’ என்றால் இரண்டு அதிகாரிகள் உள்ள ரோந்து கார், ‘லிங்கன்’ என்றால் ஒருவர் மட்டும், ‘மேரி’ என்றால் மோட்டார் சைக்கிள். கடைசி எண் அந்தக் காரின் ரோந்துப் பகுதி. ஆக, ‘6-ஆடம்-15’ என்ற அழைப்பு காதில் விழுந்தால், ஹாலிவுட் பிரிவில் பதினைந்தாம் பகுதியைச் சுற்றும் இருவர் கார் என்று அறியலாம். ராணுவமும் விமானத் துறையும் ‘ஆல்ஃபா, பிராவோ’ என்று எழுத்துகளைச் சொல்ல, அமெரிக்கப் போலீசார் பல இடங்களில் ‘ஆடம், பாய், சார்லஸ்’ என்ற தங்கள் பழைய வரிசையை விடவில்லை. 1968 முதல் 1975 வரை ஓடிய ‘ஆடம்-12’ தொடர் இந்த முறையை உலகுக்கே அறிமுகப்படுத்தியது. அதில் கட்டுப்பாட்டு அறைக் குரலாக ஒலித்தவர் நடிகை அல்லர். ஷாரன் கிளாரிட்ஜ் என்ற அவர், லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையில் நிஜமாகவே அந்த வேலையைப் பார்த்தவர்.

நியூயார்க்கில் காவல் நிலைய எண்ணுக்குப் பின் ‘செக்டார்’ எழுத்து வரும். எண்கள் மன்ஹாட்டனின் தென்முனையில் 1-ல் தொடங்குகின்றன. நாற்பதுகளில் பிராங்க்ஸ், அறுபது முதல் தொண்ணூறுகள் வரை புரூக்ளின், நூறு முதல் குவீன்ஸ், 120 முதல் ஸ்டேட்டன் தீவு. ‘75 ஆடம்’ என்று கேட்ட உடனே கிழக்கு புரூக்ளின் என்பது தெரிந்துவிடும். சிகாகோவில் நான்கு இலக்க எண் பேசுகிறது. 1233 என்றால் பன்னிரண்டாவது மாவட்டம், மூன்றாவது பிரிவு, அதில் மூன்றாவது ரோந்துப் பகுதி. சிறிய ஊர்களில் இவ்வளவு ஒழுங்கை எதிர்பார்க்கக் கூடாது. பல இடங்களில் 1 என்பது தலைமை அதிகாரி, அடுத்தடுத்த எண்கள் பதவி வரிசைப்படி இருக்கும். வேறு சில ஊர்களில் அதிகாரியின் பணி எண்ணே அழைப்பு எண். பொறுமையாகக் கேட்டுக் குறித்துவைத்தால் எந்த ஊரின் முறையும் பிடிபட்டுவிடும். பணிமுறை மாறும் நேரத்தில் கார்கள் ஒவ்வொன்றாகப் பணியில் இணைவதாக அறிவிப்பது இதற்கு நல்ல வாய்ப்பு. எந்த எண்ணுக்கு எந்தத் தெருவின் வேலை அடிக்கடி தரப்படுகிறது என்பதை வரைபடத்தில் குறித்து வந்தால், மீதி தானாக விளங்கும்.

இனி கருவியின் கதை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் காவல் பேச்சு 30 முதல் 50, 150 முதல் 174, 450 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் ஆகிய உயர் வரிசைகளுக்கு ஏறிவிட, வீட்டு ரேடியோவில் கேட்பது முடிவுக்கு வந்தது. 1960களின் இறுதியிலும் 1970களிலும் ரீஜென்சி, பேர்கேட் ஆகிய பெயர்களில் வந்த ஸ்கேனர்கள் அந்த இடத்தைப் பிடித்தன. இவை பல அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகத் தட்டிப் பார்த்து, பேச்சு கேட்கும் இடத்தில் நின்றுவிடும். முகப்பில் சிவப்பு விளக்குகள் வரிசையாக ஓடிக்கொண்டே இருக்கும். பேச்சு வந்ததும் ஒன்று மட்டும் நின்று எரியும். ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனியே ஒரு கிரிஸ்டல் வாங்கிப் பொருத்த வேண்டும். எட்டுச் சேனல் உள்ள கருவிக்கு எட்டுக் கிரிஸ்டல்கள். ஊர்ப் போலீஸ் அலைவரிசையை மாற்றினால் கிரிஸ்டல் குப்பைக்குப் போகும். 1970களின் பிற்பகுதியில் விசைப்பலகையில் எண்ணைத் தட்டினாலே போதும் என்ற நிலை வந்தது. அலைவரிசைகளைத் திரட்டித் தந்த ‘போலீஸ் கால்’ என்ற கையேடு, எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஆண்டுதோறும் விற்பனையானது.

அடுத்த பெரிய மாற்றம் ‘டிரங்கிங்’. முன்பு ஒவ்வொரு பிரிவுக்கும் சொந்த அலைவரிசை இருந்தது. 800 மெகாஹெர்ட்ஸ் வரிசை திறக்கப்பட்ட பின், எல்லாப் பிரிவுகளும் சில அலைவரிசைகளைப் பொதுவில் வைத்துக்கொண்டன. ரயில் நிலையத்தில் ஒரே வரிசையில் நிற்பவர்களைக் காலியான கவுன்ட்டருக்கு அனுப்புவதுபோல, ஒவ்வொரு பேச்சையும் காலியான அலைவரிசைக்குக் கணினி அனுப்பும். கேள்வி ஓரிடத்தில் கேட்கும், பதில் வேறிடத்தில் போய்விடும். பழைய ஸ்கேனர் வைத்திருந்தவர்கள் திண்டாடிப்போனார்கள். 1997-ல் யூனிடன் நிறுவனம் கொண்டுவந்த ‘டிரங்க் டிராக்கர்’, கணினியின் கட்டளை அலைவரிசையையும் படித்து அந்தத் தாவலைப் பின்தொடர்ந்தது. பிறகு பேச்சே டிஜிட்டல் ஆனது. 1989-ல் தொடங்கப்பட்ட ‘பி25’ தரம் மெல்ல மெல்ல நாடெங்கும் பரவியது. அதைப் படிக்கும் ஸ்கேனர்கள் 2000களின் தொடக்கத்தில் வந்தன. பெருநகரங்களில் பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசுகின்றன. அந்த அலைகள் மிகச் சிறிய கால வேறுபாட்டோடு வந்து மோதுவதால் பல டிஜிட்டல் ஸ்கேனர்களில் பேச்சு சிதைந்தது. அந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தது 2018-ல் வந்த எஸ்.டி.எஸ்.100 ஸ்கேனர்.

இந்த வரலாறு தெரிந்தவருக்கு ஸ்கேனரைத் தேர்ந்தெடுப்பது எளிது. ஊர்ப் போலீஸ் எந்தத் தலைமுறையில் நிற்கிறது என்பதே முக்கியமான கேள்வி. விலையும் பிராண்டும் அதற்குப் பிறகுதான். பழைய அனலாக் முறையிலேயே பேசும் கிராமப்புற மாவட்டத்துக்குச் சுமார் 100 டாலர் கருவியே தாராளம். டிஜிட்டல் டிரங்கிங்கோடு பல கோபுர ஒலிபரப்பும் உள்ள நகரம் என்றால் 600 டாலருக்கு மேல் ஆகும். அங்கே மலிவான கருவி வாங்குவது வீண்செலவு. தன் பகுதியின் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தாலே அலைவரிசைகளைத் தானே நிரப்பிக்கொள்ளும் கருவிகள் 2010 முதல் கிடைக்கின்றன. தொடக்க நிலையில் இருப்பவருக்கு அவை பெரிய உதவி.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்பதற்குப் பொதுவாகத் தடை இல்லை. ஆனால் 1986-ல் செல்போன் பேச்சைக் கேட்பது குற்றமாக்கப்பட்டது. 1994 முதல் அந்த அலைவரிசைகளைப் பிடிக்கும் ஸ்கேனர்களைத் தயாரிக்கவும் முடியாது. நியூயார்க், ஃபுளோரிடா, இந்தியானா, கென்டக்கி, மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் காரில் ஸ்கேனர் வைத்திருப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் பெற்றவர்களுக்குப் பொதுவாக விலக்கு இருக்கிறது.

கடைசி அத்தியாயம் குறியாக்கம், அதாவது வெளியார் ஸ்கேனரில் கேட்க முடியாதபடி பேச்சைப் பூட்டுவது. 2019-ல் டென்வர் காவல்துறை தன் பேச்சு முழுவதையும் பூட்டியது. 2022-ல் சிகாகோ, பொதுமக்களுக்கு அரை மணி நேரம் தாமதித்தே ஒலியைத் தரும் முறைக்கு மாறத் தொடங்கியது. 2023-ல் நியூயார்க் புரூக்ளினிலிருந்து பூட்டத் தொடங்கியது. குற்றவாளிகள் கேட்டுத் தப்புகிறார்கள், பாதிக்கப்பட்டவர்களின் பெயரும் முகவரியும் ஊரெங்கும் ஒலிக்கின்றன என்பது காவல்துறையின் வாதம். இரண்டாவது காரணம் நியாயமானது. ஆனால் தனிப்பட்ட விவரங்களை மட்டும் வேறு அலைவரிசைக்கு மாற்றினாலே அது தீர்ந்துவிடும். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரம் 2022-ல் தன் பூட்டைத் திறந்து, அது நடக்கக்கூடியதே என்று காட்டியது. அரை மணி கழித்து வரும் ஒலி, தீ எரியும் தெருவுக்கு ஓட வேண்டிய செய்தியாளருக்கும் பக்கத்துத் தெருவில் என்ன நடக்கிறது என்று அறிய வேண்டிய குடும்பத்துக்கும் பயன்படாது.

ஆகவே ஸ்கேனர் வாங்க நினைப்பவர், தன் ஊர்க் காவல்துறை குறியாக்கத்துக்கு மாறிவிட்டதா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். மாறியிருந்தால், கடையில் விற்கும் எந்தக் கருவியும் அந்தப் பேச்சைத் திறந்து தராது. தீயணைப்பு, ஆம்புலன்ஸ், விமானம், ரயில் ஆகியவற்றின் பேச்சு மட்டும் இன்னும் பல இடங்களில் திறந்தே இருக்கிறது.