மறுமை பற்றிய கிறித்தவக் கொள்கை வேறுபாடுகளும் மும்பைத் தமிழரும்

முன்னுரை

மும்பை தாராவியை ஒட்டி அமைந்துள்ள மாட்டுங்கா லேபர் கேம்ப், திருநெல்வேலிப் பகுதியிலிருந்து பிழைப்பு நாடிக் குடிபெயர்ந்த தமிழர் பலர் வாழும் இடமாகும். நெல்லை நிலப்பரப்பில் நாசரேத், மெஞ்ஞானபுரம் போன்ற சீர்திருத்தச் சபை ஊர்களும் வடக்கன்குளம் போன்ற கத்தோலிக்க ஊர்களும் தனித்தனியே வளர்ந்தன. நெருக்கமான நகரக் குடியிருப்பிலோ பல சபையினரும் இந்துக்களும் அண்டை வீட்டாராயினர். இத்தகைய சூழலில் ஒரு சாவு நிகழுமிடத்து, இறந்தவர்க்காக இருப்போர் செய்யக்கூடியது யாது என்னும் வினாவுக்குச் சபைதோறும் விடை மாறுபடுகின்றது. அவ்வேறுபாட்டின் வரலாற்று வேர்களைத் தமிழ்க் கலைச்சொற்களின் வழி ஆராய்வதாக இக்கட்டுரை அமைகின்றது.

உத்தரிக்கிற ஸ்தலம்

மோட்சம், நரகம் ஆகிய சொற்களைக் கிறித்தவம் தமிழ் மரபிலிருந்து எடுத்துக்கொண்டது. இந்திய மரபில் நரகம் வினை தீருமளவும் துய்க்கும் இடம். கிறித்தவத்தில் அது முடிவற்றது. பழைய சொல் புதுப்பொருள் ஏற்றது. தீர்ந்துபோகும் துன்பம் என்னும் கருத்துக்குக் கத்தோலிக்கர் 'உத்தரிக்கிற ஸ்தலம்' எனத் தனிச்சொல் வழங்கினர். குற்றத்துக்கு ஈடுசெய்தலே ஈண்டு உத்தரித்தல் எனப்படும். திரெந்துச் சங்கம் 1563இல் இக்கொள்கையை உறுதிசெய்தது. இதன்படி இருப்போரின் செபமும் பூசையும் இறந்தோர்க்கு உதவும். நவம்பர் 2ஆம் நாள் வழிபாடு இந்நம்பிக்கையின் வெளிப்பாடாகும்.

சீர்திருத்தச் சபைகள் இதனை ஏற்கவில்லை. ஆங்கிலிக்க சபையின் 39 கொள்கை விதிகளுள் 22ஆவது இதனை வெளிப்படையாக மறுக்கின்றது. எனவே இச்சபைகளின் அடக்க ஆராதனை இறந்தவரின் நிலையை மாற்ற வேண்டுவதன்று. உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைக் கூறி இருப்போரைத் தேற்றுவதாகும்.

பாதாளமும் நரகமும்

1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம், இறந்தோர் உலகைக் குறிக்கும் எபிரேயச் சொல்லான ஷியோலைப் பல இடங்களிலும், அதற்கு இணையான கிரேக்கச் சொல்லான ஹேடீஸைப் பெரும்பாலும், தண்டனை இடமாகிய கெகன்னாவைக் குறித்த அதே சொல்லால் பெயர்த்தது. 1871ஆம் ஆண்டுத் தமிழ் விவிலியமோ முன்னவற்றைப் பொதுவாகப் 'பாதாளம்' என்றும் கெகன்னாவை 'நரகம்' என்றும் வேறுபடுத்தியது. சாவுக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடைப்பட்ட நிலை வேறு, தீர்ப்புக்குப் பிந்திய தண்டனை வேறு என்னும் பாகுபாடு தமிழ் வாசகர்க்குச் சொல்லளவிலேயே கிடைத்தது.

இப்பாகுபாட்டை முதன்மைப்படுத்திய சபைகளும் தமிழரிடையே பரவின. நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை 1857இல் தோற்றுவித்த இந்து கிறித்தவ சபை சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டிருந்தது. அதே ஊரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபை காலூன்றியது. இறந்தோர் உயிர்த்தெழும்வரை உணர்வற்றுத் துயில்வர், தீயோர் முடிவில் அழிந்தொழிவர் என்பது அச்சபையின் கொள்கை. முடிவற்ற வேதனையை மறுக்கும் யெகோவாவின் சாட்சிகள் 1926இல் மும்பையிலேயே கிளை அலுவலகம் நிறுவினர்.

முன்னோர் நிலை

மதம் மாறியோர்க்கு எழும் கடுமையான வினா, திருமுழுக்குப் பெறாது மாண்ட தம் முன்னோரைப் பற்றியதாகும். முத்துக்குளித்துறையில் பணியாற்றியபின் சப்பான் சென்று மீண்ட பிரான்சிஸ் சவேரியார், 1552 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில், நரகத்திலுள்ள முன்னோர்க்கு மீட்பில்லை எனக் கேட்டுச் சப்பானியக் கிறித்தவர் அழுததைப் பதிவுசெய்துள்ளார். தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதோரும் மீட்படையக்கூடும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் அறிவித்தது. கிறித்தவரல்லாத உறவினரோடு வாழும் குடும்பங்களுக்கு இம்மாற்றம் ஏட்டளவில் நிற்கும் கோட்பாடன்று. பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் எங்ஙனம் நினைப்பது என்பதை முடிவுசெய்வதாகும்.

முடிவுரை

நரகத்தின் தன்மை பற்றிய கருத்து மாறுபாடாகத் தோன்றுவது, உண்மையில் இறந்தோர்க்கும் இருப்போர்க்கும் இடையே நிலவும் கடமை பற்றிய மாறுபாடாகும். செபத்தால் உதவலாம் என்பது ஒரு விடை. இறைவனிடம் ஒப்படைத்து அமைதலே தக்கது என்பது மற்றொன்று. வேதனையில்லை, துயிலே உள்ளது என்பது பிறிதொன்று. இவை அனைத்தும் ஒரே தமிழில், ஒரே சந்தில் வழங்குவதால், புலம்பெயர் தமிழரின் சமய வரலாற்றை எழுதுவோர் கோயிற் பதிவேடுகளோடு அடக்கச் சடங்குகளில் வழங்கும் சொற்களையும் திரட்டி ஆராய்தல் வேண்டும்.