திட்டிவிடம் முதல் திருட்டிப் பூசணி வரை

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் நோக்கிச் செல்லும் சாலையில், தொழிற்சாலைகளைச் சூழ எழும்பி நிற்கும் புதுக் கட்டடங்கள் ஒவ்வொன்றிலும் ஓர் அரக்கமுகம் தொங்கக் காணலாம். சாம்பற் பூசணியின்மீது பிதுங்கிய விழி, முறுக்கு மீசை, கோரைப் பல், தொங்கும் நாக்கு ஆகியன தீட்டப்பட்டிருக்கும். சில இடங்களில் பழஞ்சட்டையும் காற்சட்டையும் அணிந்து வைக்கோல் அடைத்த பொம்மை நிற்கும். 1996இல் இருங்காட்டுக்கோட்டைக்குக் கொரிய நாட்டு உந்து நிறுவனம் வந்ததும், 2010இல் ஒரகடத்தில் பிரெஞ்சு, சப்பானிய நிறுவனங்களின் கூட்டாலை திறக்கப்பட்டதும் இவ்வட்டாரத்தின் முகத்தையே மாற்றின. பூசணியின் முகம் மட்டும் மாறவில்லை. இவ்வூரின் பழம்பெயர் பூதபுரி என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. சிவனது ஆடலைக் கண்டு நகைத்துச் சாபமுற்ற பூதகணங்கள் இங்கே திருமாலை நோக்கித் தவமிருந்து, ஆதிசேடன் உண்டாக்கிய அனந்தசரசில் நீராடி மீண்டன என்பது தலவரலாறு.

பார்வையே படையாகும் என்னும் எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் முற்பிறப்புக் கணவனாகிய இராகுலன் திட்டிவிடம் என்னும் பாம்பினால் உயிர் நீத்தான் என்று சாத்தனார் கதை அமைக்கிறார். திட்டி என்பது பார்வை. பார்வையில் நஞ்சுடையது திட்டிவிடம். பாம்பின் நஞ்சைக் கடியால் வருவது, பார்வையால் வருவது, தீண்டலால் வருவது, மூச்சால் வருவது என நால்வகையாகப் பௌத்த நூல்கள் பகுத்தன. பாம்புக்கு இமை இல்லை. அதனால் அது இமைப்பதில்லை. செவித்துளையும் புறத்தே காணப்படாமையால் கண்ணே அதற்குச் செவியும் ஆயிற்று என்று கருதிக் கட்செவி எனப் பெயரிட்டனர். இமையாத கண்ணிடத்து மாந்தர் கொண்ட அச்சமே திட்டிவிடத்தின் பிறப்பிடம் எனலாம். இமையாமை தேவர்க்கும் உரியது. தமயந்தி நளனைத் தேவரினின்று பிரித்தறிந்த அடையாளங்களுள் அவன் கண் இமைத்ததும் ஒன்று. அச்சத்துக்கும் வழிபாட்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஓர் இமைப்பளவே போலும்.

மேலை நாட்டிலும் இவ்வச்சம் உண்டு. கி.பி. 79இல் மறைந்த உரோமானிய அறிஞர் பிளினி, தன் கண்ணைக் கண்டாரைக் கொல்லும் விலங்கொன்றையும், பாசிலிசுக்கு என்னும் பாம்பையும் இயற்கை வரலாற்றின் எட்டாம் நூலில் குறித்தார். கிரேக்கரின் மெடூசா, தன்னை நோக்கியவரைக் கல்லாக்கினாள். அவளைப் பெர்சியூசு நேரே நோக்காமல், மெருகிட்ட கேடயத்தில் தெரிந்த நிழலை நோக்கி வெட்டினான்.

இப்பழம் அச்சங்களுக்கு வாய்பாடு எழுதிய பெருமை ஒரு விளையாட்டைச் சாரும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்சும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்பது அது. மேசையைச் சூழ அமர்ந்தோருள் ஒருவர் கதையுலகை நடத்துவார்; ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தைத் தாங்குவர். ஐயம் நேருமிடத்துப் பகடை தீர்ப்புச் சொல்லும். முதற் பதிப்பிலேயே, கேட்டினின்று தப்பும் பகடை எறிகள் ஐந்து வகையாக வகுக்கப்பட்டன. அவற்றுள் கல்லாதலினின்று தப்புவது தனியொரு வகை. கடி, தீண்டல், மூச்சு, பார்வை என அவ்விளையாட்டின் கொடுவிலங்குகள் தாக்கும் முறைகளைப் பார்த்தால், பௌத்தரின் நால்வகை நஞ்சு நினைவுக்கு வராமற் போகாது.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு இதனை நுட்பமாக்கியது. மெடூசாவின் பார்வை எல்லைக்குள் நிற்பவன் ஒவ்வொரு சுற்றிலும் பகடை எறிந்து தப்ப வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு போரிட்டால் அவ்விடர் நேராதிருக்கப் பாதி வாய்ப்புண்டு; ஆனால் அவன் வாள்வீச்சும் ஓரளவு குறி தவறும். கண்ணை முற்றிலும் மூடினால் பார்வை அவனைத் தொடாது. வீச்சிலோ பாதி வீணாகும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு, தன் முறை தொடங்கும்போது கண்ணை விலக்கும் உரிமையைத் தந்து, விலக்கியவன் தன் அடுத்த முறை வரை அவ்வுருவைக் காணலாகாது என விதித்தது. காணாமல் வெல்வது அரிது, கண்டால் நிலைப்பது அரிது. இவ்விரண்டுக்கும் இடையே விலை பேசுவதே அவ்விதிகளின் உயிர்நாடி.

தமிழ்நாட்டுக் கண்ணேறு இவ்விதிக்குள் அடங்காது. மெடூசாவிடம் கெடுபவன் தானும் அவளை நோக்கியிருக்க வேண்டும். கண்ணேறு படுபவனோ பார்க்க வேண்டுவதேயில்லை. தொட்டிலில் உறங்கும் குழவிக்கும் அது படும். ஆதலின் கண்ணை மூடுதல் இங்கே காப்பாகாது. நோக்குவோர் கண்ணின் முதல் வீச்சை வேறொன்றின்மேல் திருப்புவதே காப்பு. குழந்தையின் கன்னத்து மையும், வாயிலில் கட்டிய படிகாரமும், கட்டடத்துப் பூசணியும் செய்யும் பணி அதுவே. இன்னொரு மாற்றமும் உண்டு. விளையாட்டில் அரக்கன் நோக்க, மனிதன் அஞ்சுகிறான். இங்கே மனிதன் நோக்க, அதைத் தாங்க அரக்கனை அமர்த்துகிறார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்னும் பழமொழி அஞ்சுவது பூதத்தை அன்று, பக்கத்து வீட்டாரை.

முதற் பார்வைக்கு இத்துணை ஆற்றல் உண்டென்பது சிற்பியர் மரபிலும் காணப்படும். படிமத்தின் கண்ணை இறுதியாகத் திறந்து, அதன் முதல் நோக்குக்கு ஆவும் கன்றும், கண்ணாடி முதலிய மங்கலங்களைக் காட்டுவர். இலங்கையில் புத்தர் படிமத்துக்குக் கண் எழுதும் கலைஞன் அதனை நேரே நோக்கான். கண்ணாடியில் நிழலைப் பார்த்தே தூரிகையை ஓட்டுவான். 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் ஆனந்த குமாரசுவாமி இச்சடங்கை எடுத்துரைத்துள்ளார். பெர்சியூசு கொலைக்கு எடுத்த கருவியை இக்கலைஞன் படைப்புக்கு எடுக்கிறான்.

திருப்பெரும்புதூரிலேயே அத்தகைய கண்ணொன்று உண்டு. இராமானுசர் வாழ்ந்த காலத்திலேயே அவர் பிறந்த இவ்வூரில் எழுந்தருளுவிக்கப்பட்டதாகப் போற்றப்படுவது, தானுகந்த திருமேனி. சிற்பி அதன் கண்ணைத் திறந்த வேளையில், திருவரங்கத்தில் இருந்த இராமானுசரின் கண்ணில் குருதி கசிந்தது என்று வைணவர் வழிவழியாகச் சொல்வர். அவர் அடியார் கதைகளிலும் கண்ணே முன்நிற்கிறது. மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் மயங்கி வெயிலில் அவளுக்குக் குடை பிடித்துச் சென்ற பிள்ளை உறங்காவில்லி, அரங்கனின் கண்களைக் கண்டு ஆட்பட்டார். கூரத்தாழ்வானோ, ஆசிரியருக்கு மாற்றாகச் சோழன் அவைக்குச் சென்று, அவ்வரசனைக் கண்ட கண்கள் வேண்டாவெனத் தாமே அவற்றைப் போக்கிக்கொண்டார் என்பது குருபரம்பரைச் செய்தி. கண் பிறரைக் கெடுக்கும் என்று உலகம் அஞ்ச, கண்டதனால் தம் கண் கெட்டதென்று கருதியவர் அவர்.

இந்நம்பிக்கையை வியந்து பாடிவிட்டு அமைவது நேர்மையாகாது. பூசணிக்குப் பழி சுமப்பது எளிது, உடைபட்டபின் அது பேசாது. ஆனால் கைம்பெண்ணையும் மகப்பேறில்லாதவளையும் தீக்கண்ணினர் எனப் பெயரிட்டு மணப்பந்தலினின்று விலக்கியதும் இந்நம்பிக்கையே. விளையாட்டில் மெடூசாவுக்கு முகமும் எல்லையும் எண்ணும் குறித்துள்ளனர். ஊரில் அவ்வெண்ணை எழுதியவர் எவருமிலர். யார் தலையில் வேண்டுமாயினும் அது எழுதப்பட்டது. குழந்தையை வாரியெடுக்க நீண்ட கை பாதியில் நின்றுபோன அத்தைமார் நம் குடும்பங்கள் பலவற்றிலும் இருந்தனர்.

ஆயுத பூசையன்று இவ்வட்டாரத்துச் சாலைகளில் உடைந்த பூசணிகள் குங்குமச் செம்மையுடன் கிடக்கும். மேலே துளையிட்டுக் குங்குமமும் காசும் இட்டு, கற்பூரம் ஏற்றிச் சுற்றி உடைத்தவை அவை. காசைப் பொறுக்கச் சிறுவர் ஓடி வருவர். சதையில் வழுக்கி விழும் இருசக்கர வண்டியோட்டிகளை எண்ணிக் காவல்துறையினர் ஆண்டுதோறும் எச்சரிப்பர். அருகே புதிதாய் வாங்கிய சரக்குந்து ஒன்று, நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, மெல்ல நகரும்.